கயிற்றில் காட்டும் கஞ்சத்தனம்

கோடை வந்தால் போதும், அமெரிக்க ஏரிக்கரைகளில் படகுக்குப் பின்னால் கட்டி இழுக்கும் காற்றடைத்த ட்யூப் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள் அப்பாமார்கள். பார்ப்பது என்ன? கலர், கைப்பிடி, தள்ளுபடி! கயிற்றை யாரும் பார்ப்பதில்லை. வீட்டில் கிடக்கும் பழைய நீர்ச்சறுக்குக் கயிறே போதுமாம். போதவே போதாது சாமி! இரண்டு பேர் ட்யூபுக்கு 2,375 பவுண்டு, நாலு பேருக்கு 4,100 பவுண்டு தாங்கும் கயிறு வேண்டும் என்று அந்தத் தொழில்துறையே சொல்கிறது. அறுந்த கயிறு சவுக்கு மாதிரி படகுக்குள் திரும்பி அடிக்கும். மிச்சம் பிடித்த சில்லறை யார் கண்ணுக்கு ஈடு?

'பறக்கும்' என்று விளம்பரம் வந்துவிட்டால் இன்னும் மயக்கம். 2006ல் அப்படிப் பறந்த ட்யூப் ஒன்றை, இரண்டு பேர் செத்த பிறகு, சுமார் 19,000 எண்ணிக்கையில் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். அன்று அதன் விலை மட்டும் 500 டாலருக்குக் குறையவில்லை!

வாங்கியதையாவது ஒழுங்காக வைத்துக்கொள்கிறார்களா? ஈரத்தோடு சுருட்டிப் போட்டுவிட்டு, அடுத்த வருடம் பூஞ்சை நாற்றத்துக்குக் கம்பெனியைத் திட்டுவது. கணக்குப் பதிவியலில் இதற்குத் தேய்மானம் என்று பெயர் இல்லை, சோம்பேறித்தனம் :-) இறுக்கமாகக் காற்றடித்து வெயிலில் போட்டால் உள்ளே காற்று விரிந்து தையல் பிரியத்தான் செய்யும்.

பின்னால் பிள்ளை வீறிடுவது குஷியிலா பயத்திலா என்று பார்க்கத் தனியாக ஒரு ஆள் படகில் இல்லையென்றால், அப்பா எஞ்சினைத் தொடவே கூடாது.