உதிர்வதும் ஒடிவதும்

தமிழில் முடி உதிரும், முடி ஒடியும். மலையாளத்தில் முடி கொழியும், முடி பொட்டும். இரண்டு வெவ்வேறு நிகழ்வுகளுக்கு இரண்டு மொழிகளும் இரண்டிரண்டு வினைகளை வைத்திருக்கின்றன. விளம்பரம் இவ்விரண்டையும் ‘ஹேர்ஃபால்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்துவிட்டது. ஷாம்பு விளம்பரங்களில் அச்சொல்லின் தோளில் ஒரு நட்சத்திரக் குறி தொற்றிக்கொண்டிருக்கும். திரையின் அடியில், எறும்பு ஊர்வதுபோல் ஒரு வரி ஓடி மறையும்: முடி உடைவதால் ஏற்படும் உதிர்வை மட்டுமே இது குறிக்கும். முழக்கம் உதிர்வைப் பற்றியது; பொறுப்பு ஒடிவதோடு முடிந்துவிடுகிறது. கூந்தல் வணிகத்தின் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

தலைக்கு வெளியே தெரியும் முடி உயிரற்றது. கெரட்டின் என்னும் புரதத்தாலான இழை அது. அதற்கு இரத்த ஓட்டமில்லை, நரம்பில்லை, பசியுமில்லை. உயிருள்ளது தோலுக்குள் புதைந்திருக்கும் வேர்க்கால். ‘முடிக்கு ஊட்டம்’ என்னும் தொடர் செடியிலிருந்து கடன் வாங்கிய உருவகம். செடிக்கு வேரில் நீர் ஊற்றினால் போதும். முடியின் வேர்க்காலுக்கு உணவு இரத்தத்தின் வழியாகவே வருகிறது. உருவகம் கவிதைக்கு அழகு. மருந்துச் சீட்டுக்கு ஆபத்து.

ஒவ்வொரு வேர்க்காலும் தனக்கென ஒரு சுழற்சியில் இயங்குகிறது. வளர்பருவம் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் நீடிக்கும். மாதத்திற்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்ச்சி. பின்பு சில வாரங்கள் சுருங்கி, ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஓய்ந்து, பழைய இழையை உதறிவிட்டுப் புதியதைத் தொடங்கும். ஆகவே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது நோயன்று. கடுங்காய்ச்சல், மகப்பேறு, அறுவை சிகிச்சை, பட்டினி உணவுமுறை ஆகியவற்றுக்குப் பின் ஏராளமான வேர்க்கால்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போகும். இரண்டு மூன்று மாதங்கள் கழித்துச் சீப்பில் கொத்துக்கொத்தாக முடி வரும். காரணம் நீங்கியிருந்தால், பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள் உதிர்வு தானாகவே அடங்கும்.

இந்தக் காலக்கணக்குதான் எண்ணெய் வணிகத்தின் மூலதனம். கொட்டுதல் உச்சத்தில் இருக்கும்போது புட்டி வீட்டுக்கு வருகிறது. இயற்கையாகவே அது தணியும்போது புகழ் புட்டிக்குப் போகிறது. பயன்படுத்தியவர் பொய் சொல்லவில்லை. பின்னால் நடந்ததை முன்னால் தடவியதன் விளைவென்று நம்பிவிட்டார்.

எண்ணெய்க்குப் பயனே இல்லையா? உண்டு. 2003இல் வெளியான ஓர் ஆய்வு தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டது. தேங்காயெண்ணெயில் மிகுந்துள்ள லாரிக் அமிலம் இழைக்குள் ஊடுருவி, கழுவும்போதும் வாரும்போதும் ஏற்படும் புரத இழப்பைக் குறைப்பதாகக் கண்டது. மற்ற இரண்டும் அதைச் செய்யவில்லை. ஆய்வாளர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும். அவர்களும் சொன்னது இழையைப் பற்றித்தான், வேர்க்காலைப் பற்றி அன்று. பாட்டியின் எண்ணெய் ஒடிவதைத் தடுத்தது; உதிர்வதைத் தடுப்பதாக அந்தப் பாட்டி முத்திரைத்தாளில் எழுதித் தரவில்லை. காயலோர ஊர்களின் உவர்நீர் மீதான பழியும் இவ்வாறே. அது இழையைச் சொரசொரப்பாக்கலாம், ஒடியச் செய்யலாம். வழுக்கையின் மரபணுவை அது எழுதுவதில்லை.

நுகர்வோர் ஏமாந்தே கிடக்கவில்லை. 2012இல் தாத்ரி கூந்தல் தயாரிப்பை வாங்கி, விளம்பரம் சொன்ன வளர்ச்சியைக் காணாத ஒருவர் திருச்சூர் மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். விளம்பரத்தில் நடித்த அனூப் மேனன், தாம் அதைப் பயன்படுத்தியதில்லை என்றும் தம் தாயார் காய்ச்சும் எண்ணெயையே தேய்ப்பதாகவும் விசாரணையில் ஒப்புக்கொண்டார். நிறுவனத்துக்கும் நடிகருக்கும் தலா 10,000 ரூபாய் விதிக்கப்பட்டது. தீர்ப்பு வரக் கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டுகள் ஆயின. ஒரு வேர்க்கால் தன் முழுச் சுழற்சியையும் முடித்து மீண்டும் தொடங்கிவிடக்கூடிய காலம் அது. சட்டம் இல்லாமலில்லை: 1945ஆம் ஆண்டின் மருந்துகள் விதிகளில், எந்த மருந்தும் குணப்படுத்துவதாகக் கூறக்கூடாதவற்றின் பட்டியலில் வழுக்கையும் புதுமுடி வளர்ச்சியும் இடம்பெற்றுள்ளன.

இழப்பு பணத்தோடு நின்றால் இவ்வளவு கடுமை வேண்டியதில்லை. பரவலான முடியுதிர்வுக்குப் பின்னால் இரும்புச்சத்துக் குறைவோ தைராய்டுக் கோளாறோ இருக்கக்கூடும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15–49 வயதுப் பெண்களில் இரத்தசோகையுள்ளவர்கள் இந்திய அளவில் 57 விழுக்காடு, தமிழ்நாட்டில் 53, கேரளத்தில் 36. இரத்தப் பரிசோதனைக்குப் போகவேண்டிய பெண் மூன்றாவது புட்டியைத் திறந்துகொண்டிருக்கிறாள். தழும்பு உண்டாக்கும் முடியிழப்பு வகைகளில் நிலை இன்னும் மோசம்: அழிந்த வேர்க்கால் திரும்பி வராது, தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் நிரந்தர இழப்பு. மினாக்சிடில் போன்ற, வேர்க்காலின் மேல் உண்மையிலேயே செயல்படும் மருந்துகூட நிறுத்தினால் பயன் மறையும் என்ற நிபந்தனையோடுதான் வருகிறது. நிபந்தனையே இல்லாத வாக்குறுதி எண்ணெய்ப் புட்டியில் மட்டும்.

‘இதெல்லாம் படித்தவர்களுக்கு, கிராமத்துப் பெண்களுக்கு எளிய மொழிதான் புரியும்’ என்பது விளம்பரத் துறையின் பழைய சமாதானம். கும்பளங்கி அதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. 2022 ஜனவரியில் அவ்வூர் நாட்டின் முதல் சானிட்டரி நாப்கின் இல்லாத ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. வகுப்புகள் நடத்தி, மாதவிடாய்க் கிண்ணங்களை வழங்கி நடந்த முயற்சி அது. தலைமுறைகளாகக் காதோடு காதாகப் பேசப்பட்ட ஒன்றை, உடலுறுப்பின் பெயரைச் சொல்லி அரங்கில் விளக்கினார்கள். மிகுதியான மாதவிடாய் இரத்தப்போக்கே இரும்புச்சத்துக் குறைவின் முக்கியக் காரணங்களுள் ஒன்று; அக்குறைவே கூந்தலையும் தொடுகிறது. மாதவிடாயை அறிவியலின் மொழியில் கேட்க முடிந்த பெண்ணுக்குக் கூந்தலைப் பற்றி மட்டும் ஏன் மாயமொழி?

கோரிக்கை சிறியது. நட்சத்திரக் குறிக்கு அடியில் ஒளிந்திருக்கும் வரி, முழக்கத்தின் அதே எழுத்தளவில், தமிழிலும் மலையாளத்திலும் முன்பக்கத்தில் வரவேண்டும். ஒடிவதைக் குறைக்கும் பொருள் ‘ஒடிவதைக் குறைக்கும்’ என்று மட்டுமே சொல்லவேண்டும். அதுவரை சீப்பில் சிக்கிய முடியை எடுத்துப் பாருங்கள். ஒரு முனையில் சிறு வெண்குமிழ் இருந்தால் அது உதிர்ந்தது. குமிழின்றித் துண்டாக இருந்தால் ஒடிந்தது. ஒடிந்ததென்றால் எண்ணெயும் அகலப் பல் சீப்பும் உதவும். உதிர்வது வழக்கத்தை மீறி மாதக்கணக்கில் தொடர்ந்தால் மருத்துவரிடம் போகவேண்டும். எண்ணெய்க் கடைக்கு அன்று.