லாரியில் ஏறிப் போகும் காலக்கணக்கு

கீழடிக்குப் பிறகு நம்மிடம் ஒரு நம்பிக்கை ஆழமாக வேரூன்றிவிட்டது. பழம்பொருள் எதுவானாலும் எடுத்துப் பத்திரப்படுத்தினால் போதும், ‘கார்பன் டேட்டிங்’ செய்து வயதைச் சொல்லிவிடுவார்கள் என்பது அது. ஒரகடத்தில் மனை போடுகிறவரும் சொல்கிறார், பக்கத்து ஆலையில் வேலை செய்யும் பொறியாளரும் சொல்கிறார். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துச் சவுடும் கிராவலும் டிப்பர் டிப்பராகப் போகும்போது, “ஏதாவது கிடைத்தால் மியூசியத்துக்குக் கொடுத்துவிடலாமே” என்று சமாதானம் சொல்வதும் இந்த நம்பிக்கையில்தான். இது முழுத் தவறு. இந்தத் தவற்றுக்கு நாம் கொடுக்கும் விலையைத் திரும்பப் பெறவே முடியாது.

கார்பன் முறை ஒருகாலத்தில் உயிரோடு இருந்தவற்றுக்கு மட்டும்தான் பொருந்தும். கார்பன்-14 இன் அளவு 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். ஏறக்குறைய 50,000 ஆண்டைத் தாண்டினால் அளக்கும்படி எதுவும் மிஞ்சாது. கீழடிக்கு கி.மு. 580 என்ற காலத்தைத் தந்ததுகூடப் பானை அல்ல. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரி. எந்த அடுக்கில் கிடந்தது என்று எழுதிவைக்காமல் அள்ளியிருந்தால், அந்தக் கரியால் கீழடியைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

நம் பக்கத்துக் கற்கருவிகளையே பாருங்கள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில், ராணுவ மைதானத்தை ஒட்டிய ஒரு கிராவல் குழியில் கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால ஆய்வு அங்கேதான் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொற்றலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தைக் கண்டார்கள். இரண்டு இடத்திலும் குவார்ட்சைட் கற்கள்தான், இரண்டு கண்டுபிடிப்பிலும் ஃபுட் இருந்தார். ஆனால் அத்திரம்பாக்கத்துக் கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் உலகத்துக்குத் தெரிந்தது. பல்லாவரக் கோடரிக்கு இன்றுவரை ஆண்டுக்கணக்கில் வயது கிடையாது. குழி வெட்டியவர்கள் கல்லை விட்டுவைத்தார்கள். அதைச் சூழ்ந்திருந்த மண் போய்விட்டது.

“அத்திரம்பாக்கத்தில் கருவிகளைத்தானே அளந்தார்கள்?” என்று கேட்கலாம். ஆமாம், கருவிகளைத்தான். கல் வெயிலில் கிடக்கும்போது அண்டவெளிக் கதிர்கள் அதிலுள்ள குவார்ட்ஸில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு ஐசோடோப்புகளை உண்டாக்குகின்றன. ஆழமாகப் புதைந்ததும் அந்த உற்பத்தி ஏறக்குறைய நின்றுவிடும். அலுமினியம் வேகமாகவும் பெரிலியம் மெதுவாகவும் சிதையும். இரண்டின் விகிதத்தை வைத்துப் புதைந்த காலத்தைக் கணக்கிடுகிறார்கள். கல் எத்தனை மீட்டர் ஆழத்தில், எந்த மண்ணுக்கு அடியில் கிடந்தது என்று தெரியாவிட்டால் இந்தக் கணக்கு நிற்காது. தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் குழு அமைத்து அடுக்கடுக்காகத் தோண்டியதால்தான் அந்த எண் கிடைத்தது.

அதே ஊரில் மேலடுக்குகளுக்கு வேறு முறையைக் கையாண்டார்கள். குழியின் சுவரில் உலோகக் குழாயை அடித்து இறக்கி, வெளிச்சம் படாமல் இரு முனைகளையும் மூடி எடுத்துப் போவார்கள். இருட்டில் கிடந்த மணல்துகள் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்பதை ஆய்வுக்கூடத்தில் அளப்பார்கள். குழாயைச் சுற்றியுள்ள மண் ஆண்டுக்கு எவ்வளவு கதிர்வீச்சைத் தந்தது என்பதையும் அளந்தாக வேண்டும். அந்த வழியில்தான் சுமார் 3,85,000 ஆண்டு என்ற கணக்கு 2018இல் வெளிவந்தது. பொக்லைன் ஒருமுறை வாரிக் கொட்டினால் துகள் வெயிலைப் பார்த்துவிடும். கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

இதில் எனக்குத் தாங்க முடியாத செய்தி ஒன்று உண்டு. அத்திரம்பாக்கத்தின் அடிக்களிமண்ணை முன்பு ஆய்ந்தவர்கள் ஆவடி ஷேல் என்று கருதியிருந்தார்கள். ஆவடி ஷேல் என்பது ஸ்ரீபெரும்புதூர்ப் பாறைத்தொகுதியைச் சேர்ந்த, டைனோசர் காலத்து அடுக்கு. மனிதன் இருக்கவே வாய்ப்பில்லாத காலம். பின்னர் தோண்டியவர்கள் அந்தக் களிமண்ணுக்குள்ளேயே கருவிகளைக் கண்டார்கள். ‘இதற்குக் கீழே ஒன்றுமில்லை’ என்று அன்று யாராவது அள்ளக் கொடுத்திருந்தால், அந்த 15 லட்சம் ஆண்டும் அதோடு போயிருக்கும்.

குகைகளிலும் இதே கதைதான். தென்னாப்பிரிக்காவின் தாவுங் குழந்தை மண்டையோடு 1924இல் சுண்ணாம்புக் குவாரியில் கிடைத்தது. சுற்றியிருந்த பாறையை வெட்டி எடுத்துவிட்டதால் அதன் வயது பற்றிய சர்ச்சை இன்னும் ஓயவில்லை. சாம்பியாவின் கப்வே மண்டையோட்டைத் தந்த குகையையே சுரங்கம் தின்றுவிட்டது. 1921இல் கிடைத்த எலும்புக்கு ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டு என்று கணக்கிட 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தென்னாப்பிரிக்காவின் ஸ்டெர்க்ஃபான்டைன் குகையில் மண் அங்கேயே இருக்கிறது. அதனால்தான் 2022இல் அதை மறுபடி அளந்து, 20 முதல் 26 லட்சம் ஆண்டு என்று எண்ணியிருந்த எலும்புகளை 34 லட்சத்துக்கும் மேல் கொண்டுபோக முடிந்தது. அதை ஏற்காத அறிஞர்களும் உண்டு. அவர்களும் அந்த இடத்துக்கே போய்ச் சரிபார்க்கலாம்.

ஒரகடம் பக்கத்து வடக்குப்பட்டில் 2022இல் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது கற்கருவிகள் முதல் வரலாற்றுக் காலப் பொருள்கள் வரை வெளிவந்தன. ஆலைகளுக்கு நடுவே இருக்கும் நிலம் வெறும் நிரவல் மண் அல்ல என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். தொழிற்சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இங்கே பல ஆயிரம் குடும்பங்கள் அதில்தான் சாப்பிடுகின்றன. கிராவல் எடுக்க அனுமதி கொடுக்கும் முன் ஒரு ஓரத்தில் குழி வெட்டி, நிலவியல் தெரிந்த ஒருவர் அடுக்குகளை வரைந்து, வெளிச்சம் படாமல் நாலு குழாய் மண் எடுத்து வைக்கட்டும். அதற்குச் சில நாட்கள் போதும். எத்தனை யூனிட் மண் என்று கேட்கும் படிவத்திலேயே, அது எந்த அடுக்கிலிருந்து போகிறது என்பதையும் கேட்கட்டும். அதற்குப் பதில் எழுதாத குவாரிக்கு அனுமதி தரக்கூடாது.