கோப்பை ஒரு நாள் கூத்து. லீக் ஒரு பருவத்துச் சோதனை!

ஊருக்கு ஊர் கால்பந்துப் போட்டி நடக்கிறது. வண்ண போஸ்டர், ஒலிபெருக்கி, பிரமுகர் கையால் சுழற்கோப்பை. மறுநாள் மைதானத்தில் ஆடு மேய்கிறது. ஜெயித்தவனும் தோற்றவனும் அடுத்த வருடம் வரை பந்தைத் தொடுவதில்லை. இதனால் நம் பிள்ளைகளுக்கு என்ன பயன்?

மாற்று வழி புதிதல்ல. 1898ல் கல்கத்தா லீக் தொடங்கியபோது அது வெள்ளையர் அணிகளின் தனிச்சொத்து. 1914ல்தான் இந்திய அணிகளுக்கு, அதுவும் இரண்டாம் டிவிஷனில், கதவு திறந்தது. 1891ல் உருவான முகம்மதன் ஸ்போர்ட்டிங் கிளப் அந்தக் கீழ்ப்படியிலிருந்துதான் ஏறி வந்தது. 1934ல் முதல் டிவிஷனில் கால் வைத்த ஆண்டிலேயே பட்டம் வென்றது. அதற்கு முன் எந்த இந்திய அணியும் அதை வென்றதில்லை. 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பட்டம் அதன் கையில்தான்!

ஆவேசத்தாலா இந்த வெற்றி? இல்லை. பல ஊர்களிலிருந்து திறமைசாலிகளைத் தேடிப் பிடித்தார்கள். இந்திய வீரர்கள் வெறுங்காலுடன் ஆடிய காலத்தில், மழைச் சேற்றில் பூட்ஸ் அணிந்து ஆடப் பழக்கினார்கள். கோப்பைப் போட்டியில் அதிர்ஷ்டம் ஒரு நாள் கைகொடுக்கும். லீகில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புள்ளி உண்டு. அங்கே உழைப்பு மட்டுமே கைகொடுக்கும்.

நாடு தழுவிய லீக் 1996ல்தான் பிறந்தது. முதல் பட்டம் பஞ்சாபின் ஜே.சி.டி. மில்ஸ் அணிக்கு. ஆலையும் வங்கியும் சம்பளம் கொடுக்க, வீரர்கள் வேலையும் பார்த்தார்கள், பந்தும் ஆடினார்கள். சென்னையின் இந்தியன் வங்கி அணியும் அதில் ஆடியது. கால்பந்து சோறு போட்ட காலம் அது. 2007ல் ஐ-லீக் வந்தது, 2014ல் ஐ.எஸ்.எல். வந்தது. 2018-19ல் சென்னை சிட்டி அணி ஐ-லீக் பட்டத்தைத் தமிழகத்துக்குக் கொண்டு வந்தது.

2023-24ல் ஐ-லீகை வென்ற முகம்மதன் ஸ்போர்ட்டிங், அந்தத் தகுதியாலேயே ஐ.எஸ்.எல்.லில் நுழைந்தது. முதல் பருவத்தில் கடைசி இடம். வெட்கப்பட ஒன்றுமில்லை. பழம்பெருமைக்கு லீகில் ஒரு புள்ளியும் கிடையாது என்ற பாடம்தான் அது.

இன்னொரு பாடத்தை 2025 தந்தது. ஒப்பந்த இழுபறியால் ஐ.எஸ்.எல். பருவம் உரிய காலத்தில் தொடங்கவில்லை. கோடிகள் புரளும் லீகே ஒரே ஒரு ஒப்பந்தத்தை நம்பியிருந்தால் இந்தக் கதிதான். பாதிக்கப்படுபவன் யார்? காலை நம்பிப் பிழைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளை!

செங்கல், மரம், உலோகம், சுதை இன்றிக் கோயில் அமைத்ததாக மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் கல்வெட்டு கூறுகிறது. பாறையில் அது முடியும். லீகில் முடியாது. அட்டவணை, நடுவர், வீரர் பதிவேடு, வரவு செலவுக் கணக்கு ஆகியவையே அதன் செங்கல்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டார இளைஞர்களே! ஒரு நாள் போஸ்டருக்குச் செலவாகும் பணத்தில் ஆறு ஊர் அணிகளைச் சேருங்கள். சாதி, மதம் பாராதீர்கள். வாரம் ஒரு ஆட்டம் போதும். புள்ளிப் பட்டியலை டீக்கடைச் சுவரில் ஒட்டுங்கள். தோற்ற அணி அடுத்த வாரமும் மைதானத்துக்கு வர வேண்டும். அதுதான் லீக்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!