அறுவடைப் படத்தில் மட்டும் நிற்கும் பிள்ளைகள்



மாரி முடிந்ததும் முகநூல் முழுக்கக் கத்தரிக்காயும் வெண்டிக்காயும்தான். மிச்சம் சந்தோசம். நம் வளவில் ஆய்ந்த பயற்றங்காயை அன்று பகலே பால்கறி வைத்துச் சாப்பிடும் ருசியைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் அந்தப் படங்களில் கூடையோடு சிரிக்கும் பிள்ளைகள் அடுத்த நாள் எங்கள் வகுப்பில்தான் இருக்கிறார்கள். கேட்டுப் பார்க்கிறோம்.

"விதை போட்டது யாரு?"
"வாப்பா."
"தண்ணி ஊத்தினது?"
"உம்மா."
"அப்ப நீங்க?"
"நான் ஆஞ்சன் சேர். பொறகு போட்டோ எடுத்தாங்க."

பாடசாலை வேலையும் இப்படித்தான். ஒப்படை கொடுத்தால் முத்து முத்தான எழுத்தில் வருகிறது, அது பிள்ளையின் எழுத்தில்லை. கண்காட்சிக்கு ஏதாவது செய்து வரச் சொன்னால் காசு கொடுத்துச் செய்வித்துக் கொண்டு வருகிறார்கள். கடைசியில் சாதாரண தரத்துக்கு விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும் பாடம் எடுத்து, நாற்றுமேடை பற்றி அரைப்பக்கம் பிழையில்லாமல் எழுதும் பிள்ளைக்குக் கொச்சிக் கன்று எது, கத்தரிக் கன்று எது என்று காட்டத் தெரியாது.

"படிப்பு இருக்கு சேர், மண்ணில நிக்க நேரம் எங்க?" என்பீர்கள். காலையில் பாடசாலை, பின்னேரம் டியூஷன், இரவு போன். அந்த மூன்றாவதுக்கு நேரம் எங்கிருந்து வந்தது? (ஆண் பிள்ளை வாளி தூக்கினால் மரியாதை குறைந்துவிடும் என்று நினைக்கும் வீடுகளும் உண்டு. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.)

2022ஐ அதற்குள் மறந்துவிட்டோமா? சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு வருமென்று பயந்து, வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்த நாடு இது. அன்று மரவள்ளித் தடி ஊன்றிய எத்தனை வளவுகளில் இன்று இன்டர்லொக் கல் பதித்திருக்கிறது! தோட்டம் என்றால் பஞ்ச காலத்துச் சாமான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இடமில்லை என்பது மட்டும் ஓரளவு நியாயம். காத்தான்குடி, சாய்ந்தமருது போன்ற நெருக்கமான ஊர்களில் சுவரோடு சுவர் ஒட்டித்தான் வீடு. ஆனால் கொச்சிக் கன்றுக்கு ஒரு பழைய பெயின்ட் வாளி போதும். அடியில் நாலு ஓட்டை போட்டு, வெயில் படும் இடத்தில் வைத்தால் சரி.

இதையெல்லாம் இவ்வளவு கோபமாக எழுதக் காரணம் இருக்கிறது. தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேறு வரும் இரவில் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்த பிள்ளைகளின் படம் ஊரெல்லாம் போகும். இரண்டு புள்ளி குறைந்த பிள்ளையின் வீட்டில் மையித்து விழுந்த மாதிரி இருக்கும். அடுத்த நாள் அந்த முகத்தைப் பார்ப்பது நாங்கள். பத்து வயதுப் பிள்ளை அது. அதுவரைக்கும் எதிலும் தோற்க விட்டிருக்கமாட்டார்கள். அணில் கொய்யாப்பழத்தைத் தின்றுவிட்டதென்று அழுதால், அழுகையை நிறுத்த உடனே கடையில் ஒரு கிலோ வாங்கிக் கொடுத்திருப்பார்கள். ஒரு முஸ்லிம் நட்டதில் பறவையோ மிருகமோ தின்றாலும் அது அவருக்கு ஸதகா என்ற நபிமொழியை ஜும்ஆவில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். அதைப் பிள்ளைக்குச் சொல்ல அந்த அணிலை விட நல்ல சந்தர்ப்பம் எங்கே கிடைக்கும்?

வெண்டி ஐம்பது நாளில் காய்க்கும். கொச்சிக்கு மூன்று மாதம் பிடிக்கும். மரவள்ளி கிழங்கு வைக்க எட்டுப் பத்து மாதம். தென்னைக்கு வருடக் கணக்கு. வெண்டியைக் காட்டித் தென்னையை ஏசுகிற ஆளை ஊரில் நாங்கள் கண்டதில்லை. சாச்சியின் மகளைக் காட்டித் தன் பிள்ளையை ஏசாத வீட்டையும் கண்டதில்லை.

ஆகவே உம்மாமாரே, வாப்பாமாரே, பிள்ளைக்கென்று ஒரு வாளி கொடுங்கள். விதையை அவரே போடட்டும். முளை வந்ததா என்று கிண்டிப் பார்ப்பார், பார்க்கட்டும். கூடத் தண்ணீர் ஊற்றிக் கன்றை அழுகவும் வைப்பார். இலை சுருண்டால் ஏன் என்று அவரே வந்து கேட்கட்டும். கன்று பட்டுப்போனால், பிள்ளை அழுமென்று இரவோடிரவாக வேறு கன்று வாங்கி அந்த வாளியில் வைத்துவிடாதீர்கள். காலையில் அவர் அதைப் பார்க்கட்டும், பிறகு விதைப் பைக்கற்றைக் கையில் கொடுங்கள்.