ஒரு ரத்தச் சோதனையும் ஒரு நாள் சம்பளமும்



இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பால்வெட்டுத் தொழிலாளி, 56 வயது அண்ணன், கையில் ஒரு காகிதத்தோடு என் மருந்தகத்துக்கு வந்தார். "டிரெசர் ஐயா, டவுன்ல கூடாரம் போட்டு ரத்தம் எடுத்தாங்க. இருநூறு வெள்ளி வாங்கினாங்க. கேன்சர் இல்லேன்னு சொல்லிட்டாங்க. ஆனா வெளிக்குப் போனா ரத்தம் நிக்கலையே?" என்றார். காகிதத்தில் சி.இ.ஏ. 3 என்று இருந்தது. அதை நம்பி ஐந்து மாதம் சும்மா இருந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தபோது பெருங்குடலில் கட்டி!

அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். முதல் தடவை வந்தபோது மூலம் என்று நினைத்துக் களிம்பு கொடுத்து அனுப்பியவன் நான்தான். அந்தத் தவற்றை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியானால் சி.இ.ஏ. சோதனை பொய்யா? இல்லை. அதைப் பயன்படுத்தும் நேரம்தான் தவறு.

சி.இ.ஏ. என்பது ஒரு புரதம். 1965-இல் கனடாவின் மொன்றியல் நகரில் பில் கோல்ட், சாமுவேல் ஃப்ரீட்மன் என்ற இரு மருத்துவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். பெருங்குடல் புற்றுநோய்க் கட்டி இதைச் சுரந்து ரத்தத்தில் விடும். பொதுவாக ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 5 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் சரியான அளவு என்பார்கள். ஆனால் நோயின் ஆரம்பத்தில் பலருக்கு இது ஏறுவதே இல்லை. சிகரெட் பிடிப்பவருக்கும் ஈரல் கோளாறு உள்ளவருக்கும் புற்றுநோய் இல்லாமலே ஏறும். ஆகவே நோய் இருக்கிறதா என்று தேட இது உதவாது. 50 வயது ஆனவர்கள் அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையைக் கேளுங்கள். கண்ணுக்கே ரத்தம் தெரிந்தால் எந்த வயதானாலும் உடனே டாக்டரைப் பாருங்கள். கூடாரத்துக்காரனுக்கு இருநூறு வெள்ளி அழ வேண்டாம்.

நோய் உறுதியான பிறகுதான் சி.இ.ஏ.-க்கு வேலை. ஆபரேஷனுக்கு முன்பே எண் உயர்ந்திருந்தால் நோய் திரும்பும் ஆபத்து கூடுதல். கட்டியை முழுக்க எடுத்துவிட்டால் நாலு முதல் ஆறு வாரத்தில் எண் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் எங்கோ மிச்சம் இருக்கலாம். இறங்கிய எண் பிறகு ஏறினால் டாக்டர் மறுபடி ரத்தம் எடுப்பார், ஸ்கேன் எடுக்கச் சொல்வார். அதனால்தான் முதல் இரண்டு வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்கிறார்கள்.

வெட்டி எடுத்த கட்டியிலும் இப்போது நான்கு புரதங்களைப் பார்க்கிறார்கள். செல் பிரியும்போது மரபணுவில் விழும் பிழையைத் திருத்துகிற புரதங்கள் இவை. இவற்றில் ஒன்று இல்லாமல் போனால், இரண்டாம் கட்ட நோயாளிக்குப் பெரும்பாலும் அது நல்ல சேதி. முற்றிய நோயாளிக்கோ, நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் புது மருந்து வேலை செய்யும் வாய்ப்பு கூடும். சில சமயம் இது குடும்பவழிக் கோளாறாகவும் இருக்கும்; அப்போது கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் சோதனை செய்துகொள்ள வேண்டும். ஆகவே டாக்டரிடம், "கட்டியில அந்தப் புரதச் சோதனை செஞ்சாச்சா?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் என்ன?

இனி என் மனத்தை அறுக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் ஒரு அக்காவுக்கு ஆபரேஷனுக்கு முன் சி.இ.ஏ. 38. ஆறு வாரம் கழித்து 2. எல்லாருக்கும் சந்தோஷம். அதன் பிறகு இரண்டு அப்பாயின்மென்டுக்கு அவர் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். "போனா டைம் ஸ்லிப்தான் தம்பி குடுக்கிறாங்க, எம்.சி. இல்லே. ஒரு நாள் சம்பளம் போச்சு, கார் வாடகையும் போச்சு. உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்றார். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது எண் 21. ஈரலுக்குப் பரவிவிட்டது. இப்போது மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

தவறாமல் போயிருந்தால் பிழைத்திருப்பாரா? யாரும் அடித்துச் சொல்ல முடியாது. 2014-இல் இங்கிலாந்தில் 1,202 நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு வெளியானது. அறிகுறி தெரியும்வரை காத்திருந்தவர்களில், திரும்பிய நோயைக் குணமாக்கும் நோக்கத்தில் வெட்டி எடுக்க முடிந்தது 100-க்கு 2 பேருக்கு. சி.இ.ஏ. பார்த்து வந்தவர்களில் அது ஏறக்குறைய 7 பேர். ஆயுள் கூடியது என்று மட்டும் அந்த ஆய்வில் நிரூபணமாகவில்லை. அந்த வாய்ப்பாவது நம் தொழிலாளிக்குக் கிடைக்க வேண்டாமா? ஒரு நாள் சம்பளத்துக்குப் பயந்து அதை விட வேண்டுமா?

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம், வேலை செய்த காலத்தைப் பொறுத்து வருடத்துக்கு 14, 18, 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்புத் தருகிறது. ஆனால் எம்.சி. வேண்டும். புற்றுநோய்க்கு வைத்தியம் செய்துகொண்டவர் மறுசோதனைக்குப் போகும் நாளுக்கு டைம் ஸ்லிப் இருந்தாலே சம்பளம் கொடுக்க வேண்டும் என்று அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில் நம் சங்கம் எழுதி வாங்க வேண்டும். இது என் கருத்து. ஒரு தோட்டத்தில் இப்படிப்பட்டவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால் அதிகம். நிர்வாகத்துக்கு இது பெரிய செலவா?

கிளைச் செயலாளர்களே, அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். நோயைக் கடந்து வந்த தோழர்களே, அது முடிவாகும் வரை சம்பளம் போனாலும் பரவாயில்லை, சோதனையை விடாதீர்கள். தேதியை உங்கள் டிரெசரிடம் சொல்லி வையுங்கள். ஞாபகப்படுத்துவது எங்கள் கடமை.