மத்தி மீன் மருந்தல்ல

"பூனைக்கு முடி கொட்டுகிறதா, தோல் செதில் செதிலாக உரிகிறதா? தினமும் மத்தி மீனை அவித்துப் போடுங்கள், ஒரே மாதத்தில் சரியாகிவிடும்" என்று அடித்துச் சொல்கிறார் நண்பர். மீனில் உள்ள ஒமேகா-3 தோலுக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் பூனைகளுக்கு ஒவ்வாமை தரும் உணவுகளில் மாட்டிறைச்சி, கோழியோடு மீனும் முன்வரிசையில் நிற்கிறது. அரிப்புக்குக் காரணமே மீனாக இருந்தால்? தவிர, மீனே கதியென்று வளரும் பூனைக்கு வைட்டமின் ஈ குறைந்து, தோலடிக் கொழுப்பு அழற்சி கண்டு, தொட்டாலே வலியில் கத்தும் நிலை வரலாம்.

முதலில் பார்க்க வேண்டியது தட்டை அல்ல, ரோமத்தை. என் பூனையின் வாலடியில் பேன்சீப்பை ஓட்டினேன். மிளகுத்தூள் போலக் கறுப்புத் துகள்கள். ஈரத்துணியில் தேய்த்ததும் செம்பழுப்பாகக் கரைந்தன. தெள்ளுப்பூச்சி குடித்துக் கழித்த ரத்தம் அது. எந்த மீன் அதைத் தீர்க்கும்?

தெள்ளு இல்லை, பூஞ்சை இல்லை என்று கால்நடை மருத்துவர் உறுதிசெய்த பிறகுதான் உணவுக்கு வரவேண்டும். அவர் சொல்படி, பூனை அதுவரை தின்றிராத ஒரே புரதத்தை, முயலோ வாத்தோ, குறைந்தது 8 வாரம் கொடுக்க வேண்டும். நடுவில் ஒரு கருவாட்டுத் துண்டு போனாலும் சோதனை பாழ். அரிப்பு அடங்கினால், பழைய உணவை மறுபடி கொடுத்துப் பார்த்துத்தான் முடிவு சொல்லலாம். வாயில்லா ஜீவன் சொறிந்து சொறிந்து கழுத்தைப் புண்ணாக்கிக்கொண்டிருக்கும்போது, மீனை அவித்துப் போட்டு ஒரு மாதம் காத்திருங்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.