ஆபரேஷன் குறிப்பை கம்ப்யூட்டர் எழுதலாம், பொறுப்பு யாருக்கு?

ஆபரேஷன் செய்யும் டாக்டருக்கு இரண்டு வேலை. ஒன்று, கத்தி பிடிப்பது. இன்னொன்று, கத்தியை வைத்து என்ன செய்தோம் என்று எழுதி வைப்பது.

முதல் வேலைக்கு மாலை மரியாதை உண்டு. இரண்டாவது வேலையை யாரும் திரும்பிப் பார்ப்பது இல்லை. ஏதாவது விபரீதம் நடந்தால் மட்டும் எல்லோரும் அந்தத் தாளைத்தான் தேடுகிறார்கள்.

இப்போது அந்த இரண்டாவது வேலைக்கு "ஏ.ஐ." என்னும் செயற்கை நுண்ணறிவு கம்ப்யூட்டர் வந்து நிற்கிறது. டாக்டர் நாலு வரி சொன்னால் போதும், பக்கம் நிறைய எழுதிக் கொடுத்து விடும். ஆபரேஷன் வீடியோவைப் பார்த்தே குறிப்பு எழுதவும் அதைப் பழக்கி வருகிறார்கள்.

வரட்டும். ஆனால் சில கட்டுப்பாடுகளோடு வரட்டும்.

உயிர் காக்கும் தாள்

என்ன நோய், வலது பக்கமா இடது பக்கமா, உள்ளே என்ன தெரிந்தது, எதை எடுத்தார்கள், எவ்வளவு ரத்தம் போனது, துணியும் ஊசியும் எண்ணிக்கை சரியாக இருந்ததா? இத்தனையும் ஆபரேஷன் குறிப்பில் இருக்க வேண்டும்.

ராத்திரி 2 மணிக்கு நோயாளிக்கு ரத்த அழுத்தம் விழுந்தால், ஓடி வரும் டூட்டி டாக்டர் புரட்டிப் பார்ப்பது இந்தத் தாளைத்தான். ஆபரேஷன் செய்தவர் அப்போது வீட்டில் இருப்பார். ஐந்து வருஷம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டர் அதே வயிற்றைத் திறக்க நேர்ந்தால், அவருக்கும் இதுதான் வழிகாட்டி.

வயிற்றுக்குள் துண்டு

1963-ம் ஆண்டு மராட்டிய மாநிலம் அவுரங்காபாத்தில் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் முடிந்து கருத்தடை ஆபரேஷன் நடந்தது. பிறகு ஜுரமும் வலியும் வாட்டின. மறுபடியும் வயிற்றைத் திறந்து பார்த்தால், உள்ளே ஒரு துண்டு! அந்தப் பெண் பிழைக்கவில்லை.

குடும்பத்தார் கோர்ட்டுக்குப் போனார்கள். சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வந்தது 1996-ல். "அரசுதான் பொறுப்பு" என்று கோர்ட்டு சொல்ல 33 ஆண்டு ஆகிவிட்டது.

எண்ணிக்கை தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டியது இல்லை. நோயாளி தியேட்டரை விட்டு வெளியே வருவதற்குள் கருவி, துணி, ஊசி எண்ணிக்கையை நர்சு வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட 19 அம்சப் பட்டியலும் கூறுகிறது.

மனிதர் எழுதினால் மட்டும்?

கம்ப்யூட்டரைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மனிதர் எழுதுவதும் சுத்தம் இல்லை.

காலை முதல் ஐந்து, ஆறு ஆபரேஷன் செய்த களைப்பு. எழுதும் வேலை பயிற்சி டாக்டர் தலையில் விழுகிறது. அவர் நேற்றைய குறிப்பைக் காப்பி அடித்து, பெயரையும் வயதையும் மட்டும் மாற்றினால் கேட்பார் யார்?

அமெரிக்காவில் ரோபோ மூலம் செய்த 158 புராஸ்டேட் ஆபரேஷன்களின் வீடியோவை வைத்து ஒரு ஆராய்ச்சி நடந்தது. முடிவு 2025-ல் வெளியானது. டாக்டர்கள் எழுதிய குறிப்புகளில் சுமார் 53 சதவீதத்தில் ஏதாவது ஒரு முரண்பாடு இருந்தது. வீடியோ பார்த்து ஏ.ஐ. எழுதியதில் சுமார் 29 சதவீதம்தான்!

அதாவது மெஷின் ஜெயித்தது. ஆனாலும் நூற்றுக்கு 29 என்பது சின்ன கணக்கா? கடைக்காரர் நூறு பில்லில் 29 பில்லைத் தப்பாகப் போட்டால் கடையில் கூட்டம் நிற்குமா?

கண்ணால் பார்க்காத சாட்சி

வீடியோ இருந்தால் பரவாயில்லை. வெறும் நாலு வரியைக் கேட்டு எழுதும்போதுதான் ஆபத்து.

ஏ.ஐ. தியேட்டருக்குள் நின்று பார்த்தது இல்லை. இப்படிப்பட்ட ஆபரேஷனில் வழக்கமாக என்ன எழுதுவார்களோ, அதை வைத்து இட்டு நிரப்பும். "ரத்தக் கசிவு இல்லை. எண்ணிக்கை சரி. நோயாளி நலம்." டாக்டர் சொல்ல மறந்ததையும் அழகான இங்கிலீஷில் அதுவே எழுதிவிடும்.

ஆனால் குறிப்பின் உயிரே வழக்கத்துக்கு மாறாக நடந்ததில்தான் இருக்கிறது. ரத்தக்குழாய் இடம் மாறி இருந்தது, குடல் ஒட்டிக் கிடந்தது, தையல் ஒரு தடவை பிரிந்தது. இதுதான் பின்னால் உயிரைக் காக்கும். வழக்கத்தை எழுதும் மெஷின் இதை விழுங்கிவிட்டால்?

பேச்சைக் கேட்டு எழுதும் "விஸ்பர்" என்ற ஏ.ஐ.யை 2024-ல் ஆராய்ந்தார்கள். சுமார் 1 சதவீத ஒலிப்பதிவுகளில், யாரும் பேசாத வாக்கியங்களை அது சொந்தமாக எழுதி இருந்தது. பேசுகிறவர் இடையிடையே நிறுத்தினால் இந்தக் கோளாறு அதிகம். தியேட்டரில் டாக்டர் மூச்சு விடாமலா பேசுவார்? நம்மூரில் தமிழும் இங்கிலீஷும் கலந்துதான் பேச்சு. "பிப்டீன்" என்பது "பிப்டி" ஆக எவ்வளவு நேரம் ஆகும்?

செய்ய வேண்டியது

முதலாவது, எழுதியது ஏ.ஐ. என்றால் அந்தக் குறிப்பிலேயே அப்படிப் போட வேண்டும். மெஷின் தந்த முதல் நகலையும் டாக்டர் செய்த திருத்தத்தையும் அழிக்காமல் வைக்க வேண்டும்.

இரண்டாவது, துணி, ஊசி எண்ணிக்கையை மெஷின் தொடவே கூடாது. எண்ணிய நர்சே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வலது, இடது என்பதையும் ரத்த அளவையும் ஆபரேஷன் செய்தவரே தன் கையால் நிரப்ப வேண்டும்.

மூன்றாவது, நோயாளி பெயர், நம்பரோடு கண்ட கண்ட செல்போன் ஆப்பில் விவரத்தைக் கொட்டக் கூடாது. ஊரான் வீட்டு ரகசியம் அது.

நான்காவது, கையெழுத்துப் போட்ட டாக்டரே முழுப் பொறுப்பு. "கம்ப்யூட்டர் எழுதியது, எனக்குத் தெரியாது" என்ற பேச்சே எடுபடக் கூடாது.

மக்களுக்கும் ஒரு வார்த்தை. உள்நோயாளியின் மருத்துவக் குறிப்பு அவருக்குக் கிடைக்க வேண்டிய உரிமை. கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், 3 ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்று 2002-ம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் விதியே இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகும்போது பில்லை மட்டும் சரிபார்த்துவிட்டு ஆட்டோ பிடிக்காதீர்கள். ஆபரேஷன் குறிப்பின் நகலையும் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

மெஷினுக்குக் கை வலிக்காது, தூக்கம் வராது. அது நல்லதுதான். ஆனால் கோர்ட்டு கூண்டில் அது ஏறி நிற்காது. ஏறி நிற்க வேண்டிய மனிதர் ஒரு வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.